நாற்பத்தேழாம் எண் கவர்

துவைக்க வரும் எந்தத் துணியையும் இயந்திரத்தில் போடுவதற்கு முன், பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பார்ப்பது சலவைக்கடை அக்காவின் வழக்கம். சீப்பு, பேருந்துச் சீட்டு, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம், ஒருமுறை பொய்ப்பல் செட்டுகூட வந்திருக்கிறது. எது வந்தாலும் காகிதக் கவரில் போட்டு, ரசீது எண்ணை எழுதி, துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். என்ன ஏது என்று வாய் திறக்க மாட்டாள். அதனால்தான் பதினாறு வருஷமாகக் கடை ஓடுகிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அன்று காலை பாக்கெட்டுக்குள் கைவிடவே அவளுக்குக் கூசியது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் தம்பியைப் போலீஸ் பிடித்து மூன்று நாளாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் சோதனை போட்டபோது அவன் பையில் போதை மாத்திரைகள் இருந்தன. கேட்டவர்களிடமெல்லாம் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள். சித்தப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவரோ, வக்கீல் அது இது என்று போனால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும், சும்மா இரு என்று அடக்கிவிட்டார்.

எதிரே கம்பியில் ஒரு கறுப்பு அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. நான்காவது தெரு வக்கீலம்மாவுடையது. மூன்று நாளாக அதைப் பார்க்காமல் இருக்க அவள் படாத பாடுபட்டாள். காற்றில் அது அசையும்போதெல்லாம் யாரோ நிற்பது போலத் தோன்றியது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் அதைக் கைமேல் போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கிளம்பினாள்.

வக்கீலம்மா அங்கியை வாங்கி நாற்காலியில் போட்டார். அக்கா விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"மூணு நாளா? என் அங்கி உங்க கண் முன்னாடிதானேம்மா தொங்கிச்சு?"

அக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போலீஸிடம் தம்பி ஏதாவது எழுதிக் கொடுத்தானா என்று வக்கீலம்மா கேட்டார். முதல் நாளே ஸ்டேஷனிலிருந்து போன் செய்திருந்தான். ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு விட்டுடுவாங்களாம், போடட்டுமா அக்கா என்று கேட்டான். போட்டுட்டு வாடா, சோறு எடுத்து வைக்கிறேன் என்றாள் இவள். அவன் படிக்காமலே போட்டான். விற்பதற்காக வைத்திருந்ததாக அந்தப் பேப்பரில் எழுதியிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. சோறு அப்படியே ஆறிப்போயிருந்தது.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். தான் சாப்பிட வைத்திருப்பது வேறு, விற்க வைத்திருப்பது வேறு, இரண்டாவதற்கு வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிவரும் என்று விளக்கினார். பிறகு, வேறு எதையாவது மறைக்கிறீர்களா என்று கேட்டார்.

"எங்கிட்ட சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. தைரியமா சொல்லுங்க."

மூன்று வாரத்துக்கு முன் தம்பியின் கால்சட்டையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. நான்கு குழி காலி. கடை வழக்கப்படி கவரில் போட்டு, நாற்பத்தேழு என்று எழுதி, அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் உடனே போகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கேக்கணும்னுதாம்மா நின்னான். கண்ணை மூடினா அப்படியே நிக்கிறான்."

காலிக் குழிகள் அவன்தான் சாப்பிட்டான் என்பதைக் காட்டலாம், அது உதவக்கூடும் என்றார் வக்கீலம்மா. இன்றே போய் அவனைப் பார்ப்பதாகவும், அதுவரை கவரைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம், எதிலும் கையெழுத்து வேண்டாம் என்றும் சொன்னார். போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது, எப்படி வாங்கினார்கள் என்று நீதிபதியிடம் சொல்லலாம், அவ்வளவுதான் என்றார். நிச்சயம் வெளியே வருவான் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அக்கா கடைக்குத் திரும்பியபோது பக்கத்து அச்சகக்காரர் துணிப்பையோடு காத்திருந்தார். தம்பி வெளியூரிலிருந்து வந்தாச்சா என்று விசாரித்தார். வழக்கமான பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவள் விழுங்கினாள்.

"வெளியூரெல்லாம் இல்லண்ணே. போதை மாத்திரையோட போலீஸ்ல பிடிச்சுட்டாங்க. அன்னைக்கே வக்கீல்கிட்ட ஓடியிருக்கணும். மானம் போயிடும்னு மூணு நாள் ஒளிச்சேன், படிக்காம கையெழுத்தும் போடச் சொன்னேன். மானத்தைக் காப்பாத்தப் போய் அவனை மாட்டி விட்டுட்டேன். யார் வீட்ல நடந்தாலும் முதல்ல வக்கீல், அப்புறம்தான் கையெழுத்து. இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அச்சகக்காரர் பையிலிருந்து தன் மகளின் ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"இதுல எது இருந்தாலும் கவர்ல போடாதீங்கம்மா. எங்கிட்ட சொல்லுங்க."