வல்லாரைத் தடம்

1949ஆம் வருஷம் வைகாசியில், ஒரு புதன்கிழமையிலிருந்து செங்கமலம் கால் வைத்த இடமெல்லாம் வல்லாரை முளைத்தது. கீரமங்கலத்தில் மழை பெய்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. குளத்து ஈரத்தில் படர்கிற அந்தக் கீரை, வெடித்துக் கிடந்த செம்மண்ணில் அவள் பாதத்தை எடுத்துச் சோறு கொதிக்கும் நேரத்துக்குள் வட்ட வட்டமாய் இலை விட்டது. ஊரார் பறித்துத் துவையல் அரைத்தார்கள். செங்கமலம் மட்டும் ஒரு இலையும் தொடவில்லை. அன்று விடிந்ததும் அவள் போய்வந்தது மேற்கே முள்ளுக்காட்டுக்கு. குத்தகையைக் குறைக்கச் சொல்லி ஆள் திரட்டியதற்காகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த அவள் அண்ணன் நல்லதம்பி, அங்கே ஒரு பாழுங்கிணற்றுக்குள் ஒளிந்திருந்தான். அவனுக்குக் கஞ்சி கொண்டுபோன வழி முழுக்க, வீட்டு வாசலிலிருந்து கிணற்று விளிம்புவரை பச்சைக் கோடாய்க் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் சவரியப்பன் இரண்டு போலீஸ்காரர்களோடு சைக்கிளில் வருவதாகச் சேதி வந்ததும், பக்கத்து வீட்டு மருதாயியிடம் ஓடினாள்.

"ஆடுகள மேக்க பத்திவிடுக்கா. கெணறு வரைக்கும் ஒரு எலை தங்கப்படாது. அண்ணனுக்குக் கஞ்சியும் இனிமே ஒம் பொறுப்பு."

"நீ எங்கிட்டுடி போற?"

"கெழக்க."

இரண்டு பகல் நடந்தாள். ஒவ்வொரு அடியையும் அழுத்தி ஊன்றினாள். அண்ணனிடம் கொண்டுவிடுவாள் என்று அவளை எட்டிப்பிடிக்காமல், பின்னால் இலைகளைப் பார்த்துப் பார்த்துச் சைக்கிள்கள் வந்தன. அறந்தாங்கி தாண்டியதும் மணிச்சத்தம் நின்றுபோனது. திரும்பிவிட்டார்களோ, ஆடுகள் மேய்ந்து முடித்திருக்குமோ என்று அடிக்கொரு தரம் நின்று திரும்பிப் பார்த்தாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டு மறுபடி மணி கேட்டபோது, போலீஸ் வருகிறதென்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்த வருஷத்தில் அவளாகத்தான் இருக்கும்.

ஜெகதாப்பட்டினத்தில் இடுப்பளவு கடலுக்குள் இறங்கி நின்றாள். கரைமணலில் முளைத்த வல்லாரை அலையோரத்தில் முடிந்தது. சவரியப்பன் பூட்ஸ் நனைய வந்தார்.

"ஒங்கண்ணன் எங்க?"

தொலைவில் யாருடையதோ ஒரு தோணி பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"தோணி போயிருச்சுங்கய்யா."

அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நல்லதம்பி இலங்கைக்குத் தப்பிவிட்டதாக எழுதி விவகாரத்தை முடித்தார். நல்லதம்பி மேலும் இரண்டு வருஷம் கிணற்றுக்குள் இருந்து, வாரண்டுகள் ரத்தானபின் தாடியோடு ஏறிவந்தான்.

1962இல் சங்கிலி பிடித்து அளக்க வந்த சர்வேக்காரர்கள், கடல்வரை நீண்டு கிடந்த பச்சையைப் பார்த்து இது யார் போட்ட வழி என்று கேட்டார்கள். "செங்கமலம் போட்டதுங்க" என்றார் தலையாரி. படத்தில் இரண்டு கோடு இழுத்து, செங்கமலம் பாதை என்று எழுதிக்கொண்டு, அடுத்த வயலை அளக்கப் போனார்கள்.