அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

1
இந்தக் கதை என்னுடையதல்ல. மாநாட்டு அரங்கில் வேலை பார்த்த என் மனைவி சொன்னது. பாதியைத்தான் கவனித்துக் கேட்டேன். மறுபடி கேட்க இப்போது அவள் இல்லை. (இதைப் பற்றி இவ்வளவுதான்.)

2
முதல் தொடக்கம்: "உலக அரசியல் என்னும் சதுரங்கத்தில்..." வேண்டாம். சதுரங்கம் என்றைக்காவது முடியும்.

இரண்டாவது தொடக்கம்: இரண்டு நாடுகள், நடுவில் ஒரு தீவு. அங்கே கப்பல் கம்பெனிகள் வைத்த கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவன். மூன்று மாதத்தில் திரும்பியிருக்க வேண்டியவன், ஏழு மாதமாகிறது. அவனைக் கூட்டிவர ஒரு நாடு படகை எடுத்தால், "தீவு உன்னுடையதா?" என்று மற்றது கத்துகிறது. ஆகவே பேச்சுவார்த்தை. அதன் ஒப்பந்த வரைவைத் திரையில் தட்டச்சு செய்பவள் அவனுடைய அக்கா.

[நம்பும்படியாக இல்லையே என்று நானும் மனைவியிடம் கேட்டேன். "உனக்குக் கதை வேணுமா, சாட்சி வேணுமா?" என்றாள்.]

3
இரு தரப்பும் ஒப்பாத சொற்கள் அடைப்புக்குறிக்குள் கிடக்கும். குறியை எடுக்க இரண்டு தலைவர்களும் தலையாட்ட வேண்டும். பறவைச் சங்கத்தார் இறகுத் தொப்பியோடு வந்து போட்ட கூச்சலில் பறவைகள் முதல் நாளே குறிக்கு வெளியே வந்துவிட்டன. கப்பல் கம்பெனிக்காரர் விருந்து வைத்தார்; விளக்கும் வெளியே வந்தது. மிச்சம் இதுதான்:

"தீவிலுள்ள பறவைகளும் விளக்கும் [ஒரு மனிதரும்] பாதுகாக்கப்படும்."

"மனிதர்னு போட்டா எந்த நாட்டு மனிதர்னு கேள்வி வரும்" என்றார் ஒரு தலைவர்.

"அப்புறம் தீவு யாருதுன்னு வரும்" என்றார் மற்றவர். கூச்சலும் விருந்தும் இல்லாமல் இருவரும் ஒத்துப்போனது இதில் மட்டும்தான்.

தேநீர் இடைவேளையில் தம்பி தீவிலிருந்து போனில் கூப்பிட்டான்.

"அக்கா, நான் வெளிய வந்துட்டேனா?"

"பறவையெல்லாம் வந்தாச்சுடா. நீதான் உள்ள இருக்க."

"என்னையும் பறவைன்னு எழுதிடேன். வேணும்னா பறந்து பாக்குறேன்."

"சாப்பாடு இருக்கா?"

"ஒரு பாக்கெட் பிஸ்கட். அதுலயும் வெளிய வந்தவங்க பங்கு கேக்குறாங்க."

அக்கா சிரிக்கவில்லை.

4
பன்னிரண்டு மணிக்கு அறையை அடுத்த மாநாட்டுக்குக் கொடுக்க வேண்டும். (அது தேனீக்களைப் பற்றியது.) அதற்குள் முடியாவிட்டால் அடுத்த சந்திப்பு ஆறு மாதம் கழித்து. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. யார் முதலில் எழுந்து போவது என்று தலைவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். திரையை யாரும் பார்க்கவில்லை. இரண்டு குறிகள், இரண்டே தட்டல். அக்காவின் விரல் அழிக்கும் பொத்தான்மேல்

5
முடிவு அ: அழிக்கிறாள். கையெழுத்தாகிறது. இரண்டு படகுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. எதில் ஏறினாலும் போர் என்பதால் தம்பி கரையிலேயே நிற்கிறான்.

முடிவு ஆ: மாட்டிக்கொள்கிறாள். அவளையும் குறிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

உண்மையான முடிவை மனைவி சொன்னபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுமட்டும் ஞாபகமிருக்கிறது. ஆகவே இப்படி எழுதுகிறேன்:

[தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்.]

குறியை எடுக்க இரண்டு பேர் தலையாட்ட வேண்டும். நான் ஆட்டிவிட்டேன்.