பித்தளை பக்கிள்

ஐந்து தோல் ஜாக்கெட் வைத்திருப்பவனுக்கு அதற்குத் தோதாக ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க எத்தனை நாள் ஆகும்? நம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்றரை வருஷம் ஆகியும் முடிந்தபாடில்லை. கேட்டால், "எஞ்சினியர் பூட்ஸ்னா சும்மாவா?" என்பான். லேஸ் கிடையாது, கெண்டைக்கால்வரை ஏறும் கனத்த தோல், மேலும் கீழும் ஒவ்வொரு வார், வாருக்கு ஒரு பக்கிள். அந்த பக்கிளில்தான் வில்லங்கம். ஜாக்கெட் ஐந்திலும் பித்தளை ஜிப். ஆகவே பக்கிளும் பித்தளையாக இருந்தே தீர வேண்டுமாம்!

இதில் மாட்டிக்கொண்டு அலைந்தது அவனுடைய அண்ணன். அச்சகத்தில் மை கலக்குகிறவர். இருபது வகைக் கறுப்பைப் பிரித்துச் சொல்லும் அந்தக் கண்ணில்தான் நரம்பு பழுதாகிக்கொண்டிருந்தது. "பகல்ல மட்டும் கொஞ்ச நாள் வண்டி ஓட்டலாம். வருஷக் கடைசியோட நிறுத்திடுங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் தம்பியோடு ஒரே ஒரு தடவை, ஆளுக்கொரு பைக்கில், மலைப்பாதையில் போய்வர வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு காலை, பூட்ஸ் கடை ஜன்னலோரம், அண்ணன் பையிலிருந்து ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கறுப்பு மூன்று, பழுப்பு இரண்டு. ஒரு அடர்பழுப்பு பூட்ஸைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சுக்கும் ஒத்துப்போகுதுடா. காலுக்கும் சரியா இருக்கு. யோசிக்காம வாங்கு."

"பக்கிள் ஸ்டீல் வெள்ளையா இருக்கேண்ணே."

"மாத்திக்கலாம்டா, அரை மணி வேலை."

"வேணாம்ணே. பிரிச்சு மாத்தினா அது ஒட்டுப்போட்ட மாதிரி. வேற கடை பாப்போம்."

"அப்ப அடுத்த வாரம் இருக்கிற செருப்போட கிளம்பிடுவோமா? எனக்கு அதுவே போதும்."

"முழு செட்டோட போவோம்ணே. போட்டோ எடுக்க வேணாமா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டுகளை மடித்துப் பையில் வைத்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்குத்தான் கை வராதே.

அதன்பின் அண்ணன் இரண்டு தடவை போன் செய்தார். "இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன்டா." இரண்டு தடவையும் தம்பிக்குப் பார்க்க ஒரு கடை பாக்கி இருந்தது. மூன்றாவது தடவை போன் வரவில்லை. வரவில்லையே என்றுகூட அந்தப் புண்ணியவானுக்கு உறைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து, எந்தக் கடையிலும் கிடைக்காமல், வெறுங்கையோடு அண்ணன் வீட்டுக்குப் போனான். வாசலில் பைக் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அண்ணி. "வண்டிய வித்தாச்சு. டாக்டர் சொன்ன கெடுவரைக்கும் தாங்கல. போன மாசமே வேலைய விட்டு நின்னுட்டாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு வேற சத்தியம்."

உள்ளே நாற்காலியில் அண்ணன், கதவுப் பக்கம் காதைத் திருப்பினார்.

"யாரு, நம்ம ஜாக்கெட்டா? வாடா, வா! அந்தப் பெட்டிய எடு."

பெட்டிக்குள் அதே அடர்பழுப்பு பூட்ஸ். நாலு பக்கிளும் பித்தளை. பளபளக்கும் புதுப் பித்தளை இல்லை, பழகி மங்கிய பித்தளை. அண்ணனின் பழைய பூட்ஸில் பார்த்துப் பார்த்து இவன் பொறாமைப்பட்டவை.

"மறுநாளே போய் வாங்கிட்டேன். என்னோடதுலேந்து கழட்டி மாத்தச் சொன்னேன். கையில குடுத்து, அப்படியே உன்னைக் கிளப்பிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். நீ சிக்கவே இல்லையேடா."

அன்றைக்கே, காலில் எதையோ மாட்டிக்கொண்டு, கிளம்பித் தொலைந்திருக்கக் கூடாதா! தம்பி பூட்ஸுக்குள் காலை விட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அண்ணே, என் வண்டியில பின்னால உக்காந்து வாங்க. நாளைக்கே போவோம்."

"போவோம், போவோம். ஆனா வளைவுக்கு வளைவு நீதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டு வரணும்." அண்ணன் குனிந்து துழாவினார். முதலில் பக்கிள் கிடைத்தது, பிறகு தம்பியின் ஜாக்கெட் ஜிப். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு நிறம் தெரியலடா. பொருந்துதா?"

பொருந்தியது. அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அண்ணனின் விரலைப் பிடித்து மறுபடி பக்கிளின் மேல் வைத்தான்.