ஞானம்மாளின் மஞ்சள் பை

சுசீலா வெந்நீரை விளாவி, வாளியை அம்மா ஞானம்மாளின் உடல் கிடந்த உள்ளறைக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருத்தியும் வரவில்லை. கூடத்தில் சபைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்ணி ஆறிப்போவுது. யாருனா ரெண்டு பேர் வாங்களேன். அம்மாவ நான் ஒருத்தியா திருப்ப முடியாது."

"எனக்கு இடுப்பு புட்சிகினு கீதும்மா, குனிய முடியல" என்றாள் ஜேம்ஸ் சம்சாரம். இன்னொருத்தி, தான் வீட்டுக்குத் தூரம் என்றாள். சொன்னவளுக்கு ஐம்பத்தைந்து வயது. மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார்கள்.

எழுபதாம் வருஷம் ஒரு பிரசவச் சாவில் ஆரம்பித்தது. பதினேழு வருஷமாக ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் சபைப் பெண் யார் செத்தாலும் ஞானம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டி, தாடை கட்டி, தலை வாரி, பெட்டியில் வைக்கும்வரை எல்லாம் அவள் கைதான். அதற்கென்று ஒரு மஞ்சள் பை. கிழித்து மடித்த வெள்ளைத் துணி, பஞ்சு, சோப்பு, சீப்பு எல்லாம் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தயாராகத் தொங்கும். சுசீலாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஆனால் வருஷா வருஷம் கோயில் அசன விருந்துக்குக் காய் நறுக்க ஞானம்மாளை விடமாட்டார்கள். "நீங்க குந்துங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். பிணம் கழுவுகிற கை என்று வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. சுசீலா வீட்டுக்கு வந்து பொரிவாள்.

"போவட்டும் உடுடீ. எரக்கம் காட்றவங்கதான் பாக்கியவான்கள்" என்று பைபிள் வசனத்தைச் சொல்வாள் அம்மா.

பாக்டரி சங்கு ஊதினால் ஆண்கள் வந்துவிடுவார்கள். சுசீலா கதவைச் சாத்தித் தாளிட்டாள்.

தாடை கட்டத் தெரியவில்லை. முதலில் இறுக்கிவிட்டாள், அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். புரட்டும்போது அம்மாவின் தலை இவள் தோளில் வந்து சாய்ந்தது. வெளியே பாட்டு மட்டும் ஓங்கி வந்துகொண்டிருந்தது. அந்தக் கைகளுக்குச் சோப்பு போட்டு, விரல் விரலாகத் துடைத்தபோது சுசீலாவுக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக அழுகிறாளா, வெளியே இருக்கிறவர்கள் மேல் வந்த ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் எல்லோரும் முண்டியடித்து வந்தார்கள். இடுப்பு வலிக்காரியும் வந்தாள். "தூங்கற மாதிரியே கீறாங்க" என்று மூக்கைச் சிந்தினார்கள்.

அம்மாவைப் பெட்டியில் கிடத்தியபின் போதகர் பேசினார். இரக்கம் காட்டினவர்களுக்கு நிச்சயமாக இரக்கம் கிடைக்கும் என்றார். வசனத்தின் அந்தப் பின்பாதியை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை என்பது சுசீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெபம் முடிந்ததும் ஜேம்ஸ் சம்சாரம் பக்கத்தில் வந்தாள். ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

"அம்மா மாதிரியே சுத்தமா செஞ்சிட்ட கண்ணு. அந்தப் பைய பத்திரமா வெச்சிக்கோ. எங்க மாமியாருக்கு இன்னிக்கோ நாளிக்கோன்னு இழுத்துகினு கீது."

சுசீலா உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்து வந்தாள். பெட்டியில் அம்மாவின் காலடியில் வைத்து, வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள்.

"மூடிடுங்கண்ணா" என்றாள் பெட்டிக்காரரிடம்.