டார்ச் பிடிக்க ஆளில்லை

கயோட்டிக்கு ஓநாயின் வயிறு, நரியின் மூளை. இந்த மிசௌரி மலைப்பக்கத்தில் ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் அது பங்காளி. கேட்காமலே வந்து பங்கு எடுத்துக்கொண்டு போகும். பிப்ரவரியில் ஆடுகள் குட்டி போடும் நேரம் பார்த்து, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும். அந்த வருஷம் என் பட்டியில் மூன்று குட்டிகளைத் தூக்கிவிட்டது. காவலுக்கு இருந்த கழுதை குளிர் தொடங்கும்போதே செத்துப்போயிருந்தது. என் கணவர் ராய்ஸ் அதற்கும் முன்னால், வசந்தத்தில் போய்விட்டார். கழுதையையும் கணவரையும் ஒரே மூச்சில் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அவர் இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

டவுனில் இருக்கும் என் மகன் கிளின்ட் போன் செய்தான். “அம்மா, இன்னும் ஒரு குட்டி போச்சுன்னா சனிக்கிழமை டிரெய்லரோட வந்துடுவேன். ஆடு எல்லாத்தையும் ஏலத்துக்கு ஏத்திட்டு, நீ எங்ககூட வந்து இரு.”

“வந்து? உன் டிவிக்குக் காவல் இருக்கவா?”

“பேச்சை மாத்தாதே. துப்பாக்கியையும் டார்ச்சையும் நீ ஒருத்தியே எப்படிப் பிடிப்ப?”

கோபம் வந்தாலும் அவன் கேட்டது நியாயம்தான். எங்கள் வீட்டு ஷாட்கன் பழைய பம்ப் துப்பாக்கி. ஒரு கை விசையில் இருக்க வேண்டும், இன்னொரு கை முன்கட்டையைத் தாங்கி, சுட்டதும் இழுத்துத் தள்ள வேண்டும். டார்ச்சுக்கு மூன்றாவது கை வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது கை நான்தான்.

கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்தே அப்படித்தான். ஆடுகள் கத்தும். ராய்ஸ் என் தோளை உலுக்குவார். இரவு உடைக்கு மேல் அவருடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் இடது தோளுக்குப் பின்னால் டார்ச்சோடு நடப்பேன். வாய் மட்டும் ஓயாது. பனியைத் திட்டுவேன், அவர் குறட்டையைத் திட்டுவேன், பக்கத்துப் பண்ணைக்காரி வாங்கிய புது ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்வேன்.

“வாயை மூடுடி, கயோட்டிக்குக் கேட்டுடும்.”

“கேக்கட்டுமே. உன் லட்சணம் அதுக்கும் தெரியட்டும்.”

துப்பாக்கி வெடித்ததும் என் கண் தானாக மூடிக்கொள்ளும். டார்ச் தரையைப் பார்த்துத் தொங்கிவிடும். “சுட்டதும் வெளிச்சம் எங்கடி போகுது? சர்ச்சுக்கா?” என்று இருட்டில் நின்று கேட்பார். எதைச் சுட்டோம், பட்டதா இல்லையா என்று தெரியாமல் இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்த நாட்கள் உண்டு. அந்தக் குளிரை நினைத்தால் இன்றும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

அப்புறம் துப்பாக்கியிலேயே மாட்டுகிற விளக்கு கடைகளுக்கு வந்தது. ஒன்று வாங்கிக்கொள், என்னைத் தூங்கவிடு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “தெண்டச் செலவு” என்பார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

கிளின்ட் போனை வைத்ததும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு டெல்பர்ட் கடைக்குப் போனேன். டெல்பர்ட் ராய்ஸுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழன். துப்பாக்கியும் தூண்டிலும் விற்பவன்.

“விளக்கு வேணும். விலை குறைச்சலா, ஆனா குப்பையா இருக்கக் கூடாது” என்றேன்.

“அப்படி ஒரு புருஷனே கிடைக்கிறதில்ல, விளக்குக்கு எங்க போறது?” என்று மூன்றை எடுத்துப் பரப்பினான். ஒன்று இருபது டாலர். ஒன்று நூற்றுக்குப் பக்கம். மூன்றாவது போலீஸ்காரர்கள் மாட்டுவது. அதன் விலையைக் கேட்டு, “இதை வாங்கினா ஆட்டை வித்துத்தான் கட்டணும்” என்று தள்ளி வைத்தேன்.

“பெட்டி மேல வெளிச்சம் ரெண்டாயிரம், மூவாயிரம்னு போட்டிருப்பான். அதை நம்பாதே” என்றான் டெல்பர்ட். “சுடும்போது துப்பாக்கி பின்னால உதைக்குமே, அந்த உதையைத் தாங்குதான்னுதான் பாக்கணும். அப்புறம், உன் துப்பாக்கி பழசு. நேரா மாட்ட இடம் கிடையாது. குழலுக்குக் கீழ இருக்கிற குழாயில வளையம் போட்டுக் கவ்வணும். பட்டன் உன் இடது கட்டைவிரலுக்குத் தானா வரணும். அதைத் தேடிக் கையை எடுத்தா கயோட்டி டாட்டா காட்டிட்டுப் போயிடும்.”

கடைக்குப் பின்னால் மண்மேட்டுக்கு முன்னால் நின்று சுட்டுப் பார்த்தோம். இருபது டாலர் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஒரு வெடி வெடித்தேன். உள்ளே பேட்டரி குதித்து, பொசுக்கென்று அணைந்துவிட்டது.

“அடக் கடவுளே, இது நான்தான்!” என்றேன். டெல்பர்ட் இருமல் வரும்வரை சிரித்தான்.

நடுவிலை விளக்கு, துப்பாக்கி எத்தனை முறை உதைத்தாலும் அசையவில்லை. அதையே கவ்வி இறுக்க ஆரம்பித்தான். “ஒண்ணு மட்டும் மறக்காதே, நோரீன். இது எதைப் பாக்குதோ, துப்பாக்கியும் அதைத்தான் பாக்கும். என்னமோ சத்தம் கேக்குதேன்னு இதைத் தூக்கி வெளிச்சம் அடிக்காதே. அங்க கிளின்ட் நின்னாலும் நிப்பான். பாக்கெட்ல சின்ன டார்ச் ஒண்ணு தனியா வச்சுக்கோ. முதல்ல அதுல பாரு.”

“சரி சரி. இதை அந்தக் கஞ்சன் அப்பவே வாங்கியிருந்தா நான் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன்!”

டெல்பர்ட் திருகுவதை நிறுத்தினான். “யாரு, ராய்ஸா கஞ்சன்? நான் அவனுக்குச் சும்மாவே ஒண்ணு குடுத்தேனே.”

“எப்போ?”

“காத்துல என் கொட்டகைக் கூரை பிச்சுக்கிட்டுப் போச்சே, அந்த வருஷம். வந்து முழுசா ஆணி அடிச்சுக் குடுத்தான். காசு வாங்க மாட்டேன்னுட்டான். சரின்னு விளக்கை நானே மாட்டிவிட்டேன். ஒரு வாரம் வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான்.”

“கெட்டுப்போச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. கயோட்டி ஒண்ணைக்கூட அடிச்சிருந்தான். அப்புறம் என்னடா குறைன்னு கேட்டேன். ‘பேச மாட்டேங்குது’ன்னான்.”

துப்பாக்கியைச் சுற்றி வந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. கூரை பறந்த அந்தக் குளிர்காலத்தில் சில நாட்கள் யாரும் என்னை எழுப்பவில்லை. கயோட்டி வேறு பட்டியைப் பார்த்துக்கொண்டது என்று நினைத்து வெடிச் சத்தம்கூடக் காதில் விழாமல் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஒருநாள் மறுபடியும் தோளில் அவர் கை. “உனக்கு ஈரமே இல்லையா, மனுஷா?” என்று வீடு அதிரக் கத்தினேன். என் பூட்ஸ் இரண்டையும் அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கியிருந்தார். அதை நீட்டினார். அன்றைக்கு அந்தச் சூட்டைக்கூட நான் கவனிக்காமல், திட்டிக்கொண்டேதான் காலை நுழைத்தேன்.

டெல்பர்ட் கடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் தலையைத் தூக்காமல், இறுகிய திருகையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான். நல்லவன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் ஆடுகள் கத்தின. கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். முதலில் பாக்கெட் டார்ச்சை அடித்தேன். வேலிக்கு உள்ளே இரண்டு பச்சைக் கண்கள். நாய் இல்லை, மனுஷன் இல்லை. காதும் வாலும் தெரிந்தன. அது நின்ற இடத்துக்குப் பின்னால் மண்கரை, ஆடுகள் எல்லாம் இந்தப் பக்கம். டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டேன், துப்பாக்கியைத் தூக்கினேன், கட்டைவிரலை அழுத்தினேன். பட்டி முழுவதும் பகலாகிவிட்டது. சுட்டேன். கயோட்டி நின்ற இடத்திலேயே விழுந்தது. வெளிச்சம் அதன் மேலேயே இருந்தது.

குட்டிகள் எல்லாம் தாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தன. மறுநாள் கிளின்ட் டிரெய்லரோடு வந்தாலும் காலியாகத்தான் திரும்ப வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நேரம், நான் விளக்கை அணைத்துவிட்டு வேலியில் சாய்ந்துகொண்டேன். எவ்வளவு சுலபமான வேலை இது! பின்னால் ஒருத்தி நின்று எதையும் பிடிக்கத் தேவையே இல்லை. அந்த ஒரு வாரத்திலேயே ராய்ஸுக்கு இது தெரிந்துபோயிருக்கிறது. தெரிந்தும் மனுஷன் என்னை எழுப்பியிருக்கிறார், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலமும்.