பின்சீட்டுப் புகை

வதனியின் வேன் புகைப் பரிசோதனையில் தோற்றுப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளியோடு வேனின் வருட லைசன் முடிகிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் புது லைசன் தரமாட்டார்கள். லைசன் இல்லாத வேனில் பிள்ளைகளை ஏற்றினால் பொலிஸ் சும்மா விடாது. தேற்றாத்தீவுப் பிள்ளைகளை மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவதுதான் அவளுடைய பிழைப்பு. அவளும் மகள் விதுர்ஷாவும் சாப்பிடுவது அந்த நாலு சில்லை நம்பித்தான்.

பரிசோதனை நிலையத்தில் நின்ற நிலோஜன் மரியாதையான ஆள். "ஃபெயில்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாகனத்தைக் கூப்பிடாமல், குனிந்து வேனுக்கடியில் பார்த்தான். ஸ்பானரால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினான். வெறும் பால்மாத் தகரத்தைத் தட்டினதுபோலக் கேட்டது.

"அக்கா, இந்தக் கன்வேட்டருக்குள்ள ஒண்டும் இல்ல, வெறும் கூடு. புகையிட நஞ்ச முறிக்கிற சாமான் இதுக்குள்ளதான் இரிக்கிற. ஆரோ உடைச்சி எடுத்திரிக்காங்க."

"மாரியில வேன் இழுக்கல்ல எண்டு கராச்சில விட்டன் தம்பி. அடைப்பு எடுத்தாச்சி எண்டாங்க."

"அடைப்போட எல்லாத்தையும் எடுத்திட்டாங்க." பழந்துணி ஒன்றைக் குழாயின் மூட்டருகே பிடித்தான். துணி படபடத்தது. "இஞ்ச மூட்டும் கறள் பிடிச்சி வெடிச்சிரிக்கி. புகை வேனுக்குள்ளயும் ஏறும். பின்சீட்டுப் பிள்ளைகள் தலையிடி, சத்தி எண்டு ஒண்டும் சொல்லல்லையா?"

பின்சீட்டில் இருப்பது விதுர்ஷா.

பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். காசு கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல இடமெல்லாம், சொந்தப் பிள்ளைக்கு மிஞ்சின இடம். பிள்ளை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆரையம்பதி தாண்டினால் தலை இடிக்கிறதென்று. கல்லடிப் பாலத்தடியில் இரண்டு தரம் வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் எடுத்தது. "கணக்குச் சோதினை எண்டா மட்டும் உனக்குத் தலையிடி வருமாக்கும்" என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தவள் வதனிதான்.

வேனுக்கு அந்த வினையை வைத்ததும் அவளேதான். போன மாரியில், தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்ட முந்தி, வாவி பெருகித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆம்பிளைகள் எல்லாரும் வேன்களை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, பள்ளிக்கு நேரமாகிறதென்று ஓடி வந்த சூட்டோடு வேனைத் தண்ணீருக்குள் இறக்கினாள். கொதித்துக் கிடந்த கன்வேட்டர் குளிர்ந்த தண்ணீர் பட்டு உள்ளே வெடித்தது. துண்டுகள் வந்து குழாயை அடைத்தன. அன்றைக்கு ஊரே அவளைக் கெட்டிக்காரி என்றது. அவளும் அதை நம்பிக்கொண்டு ஒரு கிழமை தலை நிமிர்ந்து திரிந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பக்கத்தில் இருத்தினாள். "இண்டைக்கும் தலை இடிச்சதா மனே?"

பிள்ளை அம்மாவின் கையைப் பார்த்தது. "இல்ல அம்மா. இடிக்கவே இல்ல."

அடிக்குப் பயந்து சொன்ன பொய். வதனி அடுப்படிக்குள் போய் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது ஒன்றைத் தீர்மானித்திருந்தாள். வேன் சரியாகும்வரை ஒரு பிள்ளையும் அதில் ஏறாது.

சங்கதி கேள்விப்பட்டு வினாயகமூர்த்தி வந்தார். அவரும் அதே இன வேனில் அதே தெருவில் பிள்ளைகளை ஏற்றுகிறவர், வயதில் மூத்தவர். கையில் ஒரு உரப்பை. உள்ளே இருந்தது அந்த வழி வேன்காரர் ஆறு பேருக்கும் பொதுவான கன்வேட்டர். கோயில் பெரிய சட்டிபோல அது கை மாறிக்கொண்டே இருக்கும். பரிசோதனை நாளில் பூட்டுவார்கள், சான்றிதழ் வாங்குவார்கள், கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

"நாளைக்கு இதப் பூட்டிக்கொண்டு போ புள்ள. ஒரு பத்து நிமிசம். மறுகா கழட்டித் தந்தாச் சரி."

"கழட்டினாப் பிறகு புகை எங்க அண்ணன் போகும்?"

"அது போற இடத்துக்குப் போகும். உனக்கு வேண்டியது கடதாசிதானே?"

"இல்ல அண்ணன். எனக்கு வேண்டியது அது மட்டுமில்ல."

அவர் மனம் கோணாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். உதவ வந்த மனிசன், கெட்டவர் அல்ல.

இரண்டு நாளைக்கு வேன் ஓடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சில தாய்மார் முகத்தைச் சுழித்தார்கள். ஒருத்தி, "அப்ப நாங்க வேற வேன் பாக்கட்டா?" என்றாள். "பாருங்க" என்று சொல்லிவிட்டு வதனி அடுத்த வீட்டுப் படலையைத் தட்டினாள்.

புதன் விடியக் காத்தான்குடியில் அஸ்கரின் பழைய வாகனக் கொட்டிலுக்குப் போனாள். அதே இன வேன்கள் இரண்டு அங்கே நசுங்கிக் கிடந்தன; முன்பக்கம் மட்டும் அடிபட்ட ஒன்றின் கன்வேட்டரைக் கேட்டாள்.

"போல்ட்டெல்லாம் கறள் தங்கச்சி. காஸ் நெருப்பு வெச்சி வெட்டினா உள்ளுக்கிரிக்கிறது வெடிச்சாலும் வெடிக்கும். அது கழறாது" என்றார் அஸ்கர்.

"கழட்டிப் பாக்கிறன் நானா. ஸ்பானர் மட்டும் தாங்க."

சாக்கை விரித்து மல்லாந்து படுத்தாள். எண்ணெய் ஊற்றினாள், காத்திருந்தாள், சுத்தியலால் மெல்லத் தட்டினாள், திரும்பவும் ஊற்றினாள். கறள் தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. முதல் போல்ட் அசையவே பத்து மணியாயிற்று. அஸ்கரின் மனைவி முப்லிஹா தேத்தண்ணி கொண்டுவந்து, அது ஆறிப்போய், திரும்பச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். "மனிசி எழும்புற மாதிரி இல்லியே" என்று புருசனைப் பார்த்துச் சிரித்தாள். பின்னேரம் மூன்று மணிக்குக் கடைசி போல்ட் கழன்றது. வதனி கன்வேட்டரைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளே தேன்கூட்டுக் கண்கள் ஒன்றும் உடையாமல் வெளிச்சத்தை விட்டன.

வியாழன் அதைத் தூக்கிக்கொண்டு கராச்சுக்குப் போனாள். மெக்கானிக் வினோஜன் அவளைக் கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"வேன் இழுக்கல்ல எண்டு நீங்க அவசரப்படுத்தினீங்க அக்கா. அதான் உள்ளுக்கிருந்தத உடைச்சி எடுத்திட்டன். எல்லாரும் அப்பிடித்தான்..."

"சொல்லாமச் செஞ்சது உன்ட பிழை. கேக்காம விட்டது என்ட பிழை. இத இப்ப பூட்டு. அந்தக் குழாய் மூட்டையும் புதுசா ஒட்டு. ஏச்ச மறுகா தாறன்."

அவன் ஒட்டி முடித்ததும் அவளே பழந்துணியைப் பிடித்துப் பார்த்தாள். துணி அசையவில்லை.

வெள்ளி காலை வேன் பாஸ். நிலோஜன் சிரித்துக்கொண்டே சான்றிதழை நீட்டினான். மத்தியானத்துக்கிடையில் புது லைசனும் கைக்கு வந்தது. வதனிக்குப் பசியே அப்போதுதான் தெரிந்தது.

பின்னேரம் வினாயகமூர்த்தி திரும்ப வந்தார். உரப்பையை நிலத்தில் வைத்தபோது உள்ளே கலகலத்தது. பூட்டிப் பூட்டிக் கழற்றியதில் பொதுக் கன்வேட்டர் நொறுங்கிப்போயிருந்தது.

"திங்கள் என்ட வேனுக்கு டெஸ்ட். உன்டதக் கழட்டித் தா புள்ள, ஒரு நாளைக்கு மட்டும்."

"தரமாட்டன் அண்ணன்."

அவர் முகம் கறுத்தது. "நான் உனக்குத் தர வந்தன்தானே?"

"ஓம், வந்தீங்க. அத மறக்கமாட்டன்." வதனியின் குரல் இறங்கியது. "உங்கட வேன்ல பின்சீட்டில இருக்கிற ஆரு?"

"ஆரு, என்ட பேத்திதான். ஏன்?"

"அவளுக்குத் தலையிடி இல்லையா?"

"ஓம், காலையில சொல்றவள். கண்ணில பிழையாக்கும் எண்டு போன மாசம் கண்ணாடியும் எடுத்துக் குடுத்த..."

வதனி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, "அஸ்கர்ட கொட்டில்ல இன்னொண்டு இரிக்கா புள்ள?" என்று கேட்டார்.

திங்கள் காலை வதனி ஐந்து மணிக்கே வேனை எடுத்தாள். வினாயகமூர்த்தியின் வேனில் போகிற பிள்ளைகளை முதலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தன் பிள்ளைகளை ஏற்றத் திரும்பி வந்தாள். அவர்களோடு காத்தான்குடியைத் தாண்டும்போது, வினாயகமூர்த்தி அஸ்கரின் கொட்டிலில் மற்ற வேனுக்கடியில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.