நாற்பத்தொரு கிஸ்லான்கள்

கூரிப்கா நகரத்து நிரலாக்கப் பள்ளியில், அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்தே காலுக்கும் பதினோரு மணிக்கும் இடையே, கிஸ்லான் பென்னாசர் நாற்பத்தொரு பேரானார். அன்று சந்தையில் வெங்காயம் கிலோ ஆறு திர்ஹம். பாஸ்பேட் சுரங்கத்துச் சங்கு வழக்கமான நேரத்தில் ஒலித்தது. அப்பள்ளியில் ஆசிரியர்கள் இல்லை. ஐயம் வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவருக்கும் தெரியாவிட்டால் அவர் தமது வலப்பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். மதிப்பெண் இடுவது இயந்திரம். நான்கு வாரத் தேர்வுக் காலத்தின் இறுதி நாள் அது. தேறாவிட்டால், கசாபிளாங்காவின் தொலைபேசிச் சேவை நிலையம் ஒன்றில் முதல் தேதிவரை தமக்காக ஒதுக்கப்பட்டிருந்த நாற்காலிக்கே கிஸ்லான் திரும்ப வேண்டும். ஆறு ஆண்டுகள் அதில் அமர்ந்து, இணைய இணைப்பு அறுந்தவர்களின் வசவுகளை அவர் பணிவுடன் கேட்டிருந்தார்.

கடைசிக் கணக்கு எளியதாகவே தோன்றியது. ஓர் எண்ணை அதற்குக் கீழே ஒன்றுவரை உள்ள எண்கள் அனைத்தோடும் பெருக்க வேண்டும். அதற்கான கட்டளை தன்னைத்தானே அழைத்துக்கொள்ள வேண்டும். ஏழின் விடைக்கு ஆறின் விடை தேவை, ஆறின் விடைக்கு ஐந்தின் விடை. கிஸ்லான் எழுதி, ஏழு என்ற எண்ணைக் கொடுத்து ஓடவிட்டார்; ஒன்றும் வரவில்லை. ஆறின் விடையைக் கேட்க வலப்பக்கம் திரும்பினார். அங்கே அதே பச்சை முக்காட்டுடன் அவரே அமர்ந்திருந்தார். அந்த கிஸ்லான் ஐந்தின் விடைக்காகத் தமது வலப்பக்கம் திரும்பினார். பதினோரு மணிக்கு வரிசை கூடத்தைக் கடந்து படிக்கட்டை எட்டியது. நாற்காலி இழந்த மாணவர்கள் சுவரோரம் நின்றனர்.

"என்னக்கா, குடும்பத்தோட வந்துட்டியா? என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ கூட்டம் வராது" என்றான் இடப்பக்கத்து சுஹைர்.

நுழைவு அட்டைகளை வழங்கும் நயிமா அம்மையார் வந்து பார்த்தார். "ஒரு அட்டைக்கு ஒரு நாற்காலிதாம்மா. நாலு மணிக்குள்ள மத்தவங்களை அனுப்பிடு. இல்லேன்னா அத்தனை பேரையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன்."

கிஸ்லான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். விடைக்காகக் காத்திருப்பதாக அவர்கள் மரியாதையுடன் தெரிவித்தனர். மூன்றரை மணிக்குப் படிக்கட்டில் நின்ற கடைசி கிஸ்லானை அடைந்தபோது, அவர் மைனஸ் முப்பத்து நான்கின் விடையைக் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கிஸ்லானுக்கு விளங்கியது. திரும்பி ஓடிவந்து வரிசையில் ஏழாமவர் முன் நின்றார்.

"உன்கிட்ட இருக்கிற எண் ஒண்ணுதானே? அப்புறம் ஏண்டி பக்கத்துல கேட்ட?"

"நிறுத்துன்னு நீ எங்கடி சொன்ன?"

அது நியாயமே. கிஸ்லான் தமது இடத்துக்குச் சென்று ஒரு வரியைச் சேர்த்தார்: எண் ஒன்றானால், ஒன்று என்று சொல்லி நில். ஏழாமவர் "ஒண்ணு" என்று உரக்கச் சொல்லி மறைந்தார். ஆறாமவர் இரண்டு என்றார், அடுத்தவர் ஆறு என்றார். பிறகு இருபத்து நான்கு, நூற்று இருபது, எழுநூற்று இருபது. ஒவ்வொருவரும் சொன்னதும் மறைந்தனர். நாற்காலிகளில் சூடு மட்டும் எஞ்சியது. முதல் கிஸ்லான் ஐயாயிரத்து நாற்பது என்று முடித்தபோது மணி மூன்று ஐம்பது. இயந்திரம் முழு மதிப்பெண் இட்டது. ஏழாமவருக்கு அப்பால் இருந்தவர்களை எவருமே அழைத்திருக்கத் தேவையில்லை என்பதால், அவர்கள் அந்தச் சூட்டைக்கூட விட்டுச்செல்லாமல் போயினர்.

இருபத்தொன்பதாமவர் மட்டும் போகவில்லை. நண்பகலில் பசியெடுத்து, வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸ் உண்ண வீட்டுக்குச் சென்றிருந்தார். மாலையில் கிஸ்லான் நுழைந்ததும் தாயார் ருக்கியா நிமிர்ந்து பார்த்தார்.

"மத்தியானம்தானேடி தின்னுட்டுப் படுத்த?" என்றவர், உள்ளறையில் உறங்குபவரையும் எட்டிப் பார்த்தார். "சரி, கை கழுவிட்டு வா. அவளையும் எழுப்பு."

முதல் தேதி காலையில் ஒருவர் பள்ளிக்குச் சென்றார். மற்றவர் கசாபிளாங்கா பேருந்தில் ஏறினார். அண்டை வீட்டார் விசாரித்தபோது, தமக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி படிக்கிறாள், ஒருத்தி வேலை பார்க்கிறாள் என்றார் தாயார்.

"எப்பலேர்ந்து?"

"போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து" என்று சொல்லிவிட்டு, ரொட்டி மாவைப் பிசையத் தொடங்கினார்.